பௌர்ணமிக்குச் சாட்சி வேண்டாம்

"சொர்ணம்மாள் பிள்ளையே பெறல்ல!" என்று மேசையைத் தட்டினார் எதிர்த்தரப்பு வக்கீல்.

கூண்டில் நின்ற சொர்ணம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. எதிர் பெஞ்சில், ஞானத்தின் மடியில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த ஆறு வயசுப் பூங்கனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அந்த மாமி எதுக்கு என்னையே பாக்கா?" என்று குழந்தை ஞானத்திடம் கேட்டது.

தனக்கு வர வேண்டிய 'எம்மா' வேறொருத்தியிடம் போய்ச் சேர்ந்தது. சொர்ணம்மாளுக்குப் பெற்ற வயிறு எரிந்தது.

விஷயம் இதுதான். புருஷன் பகவதியப்பன் இறந்து, அவளும் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, "உனக்கு சொகமாவது வரைக்கும் நாங்க பாத்துக்கிடுகோம்" என்று கைக்குழந்தையைத் தூக்கிப் போனார் புருஷனுடைய அண்ணன் முத்துநாயகம். எழுந்து நடமாடி, பிள்ளையைக் கேட்டுப் போனால், "எந்தப் பிள்ள? இது என் பெண்டாட்டி ஞானம் பெத்ததாக்கும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஊருக்கே உண்மை தெரியும். ஆனால் ஊரில் பாதிப்பேருக்கு அவர் வயலில் வேலை, மீதிப்பேருக்கு அவர் தோப்பில் வேலை. எவன் வாயைத் திறப்பான்?

"பிள்ளை எப்போ, எங்கே பிறந்தது? சொல்லும்மா" என்றார் ஜட்ஜ் தாணுமாலயன் பிள்ளை. சிரிக்கத் தெரியாத மனுஷன் என்று அவருக்குப் பேர்.

"பேறுகாலத்துக்கு எங்க அம்மை வீட்டுக்குப் போனேன் எசமானே. தக்கலை தாண்டினதும் பஸ்ஸிலயே வலி வந்துட்டு. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூறு, ஐப்பசி பௌர்ணமி. ஆம்பிளையள் எல்லாரும் இறங்கி மழையில நின்னாவ. கூட வந்த ஒரு மருத்துவச்சி பிரசவம் பாத்தா. அவளும் போய்ச் சேந்துட்டா."

"அன்னைக்குப் பௌர்ணமிங்கிறதுக்கு என்ன சாட்சி?" வக்கீல் குதித்தார்.

"பஞ்சாங்கம் இருக்கு" என்றார் ஜட்ஜ். " அது கோர்ட்டுக்கே தெரிஞ்ச விஷயம். சாட்சி வேண்டாம்."

"மழைக்கு?"

"ஐப்பசியில நாஞ்சில் நாட்டுல மழை பெய்யும்ங்கிறதுக்குமா சாட்சி கேக்கிறீர்? மேலே போம்."

சொர்ணம்மாளுக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. இவருக்கு எல்லாம் தெரிகிறதே!

மடியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள்.

"பிள்ளைய பொதிய ஒரு துணி இல்ல எசமானே. மழையில நின்ன யாரோ ஒருத்தர் ஜன்னல் வழியா ஒரு கறுப்புத் துணிய நீட்டினாவ. ஆளைக்கூட நான் பாக்கல்ல. மருத்துவச்சி அதைக் கிழிச்சு பாதிய பிள்ளைக்குப் பொதிஞ்சா, பாதிய எனக்குப் போத்தினா. எனக்கு மிச்சம் இதாக்கும். இதைக் கட்டிப் பிடிச்சாத்தான் உறக்கம் வருது."

துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறமாகிப்போன துணி. ஓரத்தில் ஒரு கிழிசலைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

வக்கீல் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "பச்சைப் பிள்ளையை எவளாவது கறுப்புத் துணியில பொதிவாளா? இது ஏதோ பழைய குடைத்துணி!"

கோர்ட்டே சிரித்தது.

ஜட்ஜ் துணியை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவளிடமே கொடுக்கச் சொன்னார்.

"எசமானே, பௌர்ணமி உங்களுக்குத் தெரியுது. மழை தெரியுது. நான் பெத்தது மட்டும் தெரியல்லியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊருக்கெல்லாம் சந்தேகம் இல்லாமத் தெரிஞ்சதைத்தாம்மா கோர்ட்டு தானா எடுத்துக்கலாம். ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சது கோர்ட்டுக்குத் தெரிஞ்சதாகாது."

பிறகு என்னவோ எழுதினார். "இந்த வழக்கை நான் விசாரிக்க மாட்டேன். வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி மேலே எழுதுகேன்."

முத்துநாயகம் மீசையைத் தடவிக்கொண்டார். ஞானம் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போனாள். பூங்கனி ஒருதரம் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான் சொர்ணம்மாளுக்குக் கிடைத்தது.

"முத்துநாயகம் ஆளைப் பிடிச்சிட்டாராக்கும்" என்று முணுமுணுத்தார் அவளுடைய வக்கீல் பொன்னுலிங்கம்.

ஜட்ஜ் வண்டி ஏற வந்தபோது சொர்ணம்மாள் வழியில் நின்று கத்தினாள். "பஞ்சாங்கம் படிக்கதுக்கா கோர்ட்டு? கல்லு மனசு! ஒரு தாய் வயிறு எரிய வச்சிட்டு நல்லா இருப்பியளா?"

சேவகன் அவளைப் பிடித்துத் தள்ளப் போனான். "விடு" என்றார் ஜட்ஜ். தலை குனிந்து வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

தை மாதம், வேறு கோர்ட்டில் வழக்கு வந்தது. புது ஜட்ஜ். அதே வக்கீல், அதே 'பிள்ளையே பெறல்ல'. சொர்ணம்மாள் நம்பிக்கை விட்டு, கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொள்வதுபோல் பூங்கனியைப் பார்த்தபடி நின்றாள்.

"வாதி தரப்பில் சாட்சி உண்டா?" என்று கேட்டார் புது ஜட்ஜ்.

"ஒருத்தர் இருக்கார்" என்று பொன்னுலிங்கம் எழுந்தார். சேவகன் வாசலில் நின்று பேரைக் கூப்பிட்டான்.

வெறும் வேட்டி சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். கோர்ட்டில் இருந்த வக்கீல்கள் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் எல்லாரையும் உட்காரச் சொல்லிக் கும்பிட்டு, சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார்.

சொர்ணம்மாள் கையில் இருந்த துணியை வாங்கி, சிவப்பு நூல் தையலைத் தடவியபடி தாணுமாலயன் பிள்ளை சொன்னார்:

"இது குடைத்துணி இல்ல. நான் வக்கீலா இருந்தப்போ போட்ட கவுன். தைச்சது என் பெண்டாட்டி. அன்னைக்கு மழையில நின்னு, ஜன்னல் வழியா நீட்டினது நான்."