சாய்ந்த கடல்

டிவி திரையில், அருவிக்கு முன்னால் நின்று அவள் கணவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

லிஃப்ட் மெக்கானிக்கின் பிழைப்பு ஊர் ஊராய்ச் சுற்றும் பிழைப்பு. எங்கே லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இந்த வருஷம் போன இடங்களில் எடுத்த படங்களையெல்லாம் மகள் அவன் போனிலிருந்து ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். நல்லதாகப் பொறுக்கி ஆல்பம் போடப் போகிறாளாம்.

மலை, மூடுபனி, ஏரிக்கரையில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. கொக்கின் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடுநடுவே அவன் நிற்கும் படங்கள்தான் குடைந்தன. எதிலும் அவன் மலையைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆளைத்தான் பார்த்தான்.

"இதெல்லாம் யாருங்க எடுத்தது?" துணி மடித்தபடி, சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"வழியில போறவங்ககிட்ட குடுத்தா எடுத்துத் தரப்போறாங்க."

நன்றாகக் காதில் பூ சுற்றுகிறான். வழியில் போகிறவளைப் பார்த்து எவனாவது இப்படி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பானா?

ஆமாம், போகிறவள்தான். அதற்குள் அவள் மனசில் ஒருத்தி வந்து நின்றுவிட்டாள். ஒல்லியாக இருப்பாள். வாய்க்கு வாய் வேடிக்கையாகப் பேசுவாள். நீச்சல்கூடத் தெரிந்திருக்கும், சனியனுக்கு.

மடித்த துணியோடு எழுந்தாள். சுவரில் கல்யாணப் படம் சாய்ந்திருந்தது. நேராக்கக் கையைத் தூக்கியவள் தன்னையே நொந்துகொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் ஏமாறுவார்கள். சட்டம் நேராகத்தான் இருக்கும். உள்ளே மேடை, மாலை, மாப்பிள்ளை, பெண் எல்லாமே இடப்பக்கம் சரிந்திருக்கும்.

"எடுத்தவன் கை அப்படி" என்று சொல்லிவிட்டு அவள் கணவன் பேச்சை மாற்றுவான்.

தூக்கிய கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பினாள்.

திரையில் கடல். அதன் முன்னால் கணவன். கடல் மொத்தமும் இடப்பக்கம் சரிந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அருவியும் கோணலாகத்தான் விழுந்தது. கொக்கு மட்டும் நேராக நின்றது. அது கணவனே எடுத்தது.

கல்யாணத்தைப் படம் எடுத்தவன் கொழுந்தன். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போன நேரத்தில் கொழுந்தன் அசந்து தூங்கிவிட்டான். குழந்தை மாடிப்படியில் உருண்டது. இனி அவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று கணவனிடம் சத்தியம் வாங்கியவள் அவள்தான்.

நெற்றித் தழும்பில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு மகள் கேட்டாள்: "அப்பா நிக்கிற படமெல்லாம் கோணலா இருக்கேம்மா, நேராக்கிடவா?"

கணவனின் முகத்தில் ஈயாடவில்லை.

எடுத்தது ஒரு பெண்ணாக இருந்திருந்தால் முடியைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்திருக்கலாம். அந்த ஆறுதல்கூட இல்லை.

"வேணாம், விடு," என்றாள். "எடுத்தவன் கை அப்படி."