இரும்பு தடுக்குமா?

சட்டைக் காலரை விரித்து வைத்து அவன் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினான்.

கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் கோமளா. கையில் அவனுடைய கைபேசி. திரையில், நாளை நடக்கிற பதவி உயர்வுத் தேர்வுக்கான கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் விடை. எல்லாம் இந்தியில். ராணுவக் குடியிருப்புக்கு வந்த பிறகு அவளுக்கு இந்தி அவனைவிட நன்றாகவே வந்துவிட்டது.

எந்தத் தேர்வு வந்தாலும் இப்படித்தான். அவள் கேட்பாள், அவன் சொல்வான். ஒரு சொல் பிசகினாலும் விடமாட்டாள்.

"நியூட்ரான் குண்டுன்னா என்ன?"

"சின்ன சைஸ் ஹைட்ரஜன் குண்டு. வெடியும் சூடும் கம்மி. நியூட்ரானை உள்ள பிடிச்சு வைக்காம வெளியே விட்டுடும்."

"எதைவிடக் கம்மி? முழுசா சொல்லுங்க. கேக்கப்போற மேஜர் என்ன உங்க மாமனாரா, போனாப் போவுதுன்னு மார்க் போட?"

சிரித்துக்கொண்டே முழுசாகச் சொன்னான். அதே சக்தியுள்ள மற்ற அணுகுண்டைவிட.

"எதுக்காகச் செஞ்சாங்க?"

"டாங்கிங்க கூட்டமா வந்தா நிறுத்தறதுக்கு. பக்கத்துல இருக்கற ஊரு ரொம்ப அழியாம."

"டாங்கியை உடைக்கவா?"

"இல்ல. உள்ள இருக்கற ஆளுங்களைக் கொல்ல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் அண்ணன் காலாட்படையில் இருந்தான். கொடி போர்த்திக்கொண்டுதான் ஊருக்கு வந்தான். இனிப் பட்டாளத்துக்காரனே வேண்டாம் என்றிருந்தவள், இந்த மாப்பிள்ளை டாங்கிக்குள் உட்கார்ந்து பீரங்கி சுடுகிறவர் என்று கேட்ட பிறகுதான் தலையசைத்தாள்.

சுற்றிலும் இரும்பு இருக்கிறதே.

அவன் எல்லைப் பக்கம் போகிற நாளெல்லாம் அவள் தூங்குவது அந்த ஒரு தைரியத்தில்தான். அது அவனுக்குத் தெரியும்.

அவள் பார்வை திரையில் கீழே இறங்கியது. அங்கேயே நின்றது.

"இரும்பு அதைத் தடுக்குமா?"

விடை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எவ்வளவு கனத்த இரும்பானாலும் நியூட்ரான் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். அதன் வேகத்தை அடக்கத் தண்ணீர் வேண்டும், மெழுகு வேண்டும், ஈரமண் வேண்டும். வண்டி ஓட்டுகிறவன், சுடுகிறவன், தலைவன் என்று உள்ளே இருக்கிற மூன்று பேருக்கும் என்ன ஆகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அன்றைக்கு வகுப்பில் யாரும் இருமக்கூட இல்லை.

சட்டையைத் திருப்பிப் போட்டான். முதுகில் சுருக்கமே இல்லை. ஆனாலும் தேய்த்தான்.

"தடுக்கும்."

அவள் விரல் விடையின் மேல் இருந்தது.

"சரி" என்றாள் கோமளா. அடுத்த கேள்விக்குப் போனாள்.