போட்டுக்கொடுத்தது யார்?

"ஏம்மா, உன்னைப் பத்தி பாதுகாப்புப் பிரிவுக்கு யாரோ லெட்டர் எழுதியிருக்காங்களாமே!"

பக்கத்து மேஜைக்காரர் சொன்னதும் கறார் மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது. ரேடார் செய்யும் அந்த ஆலையில் எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் அது.

யாரோவாம்! அவளுடைய அக்கா வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும் விஷயம், ஆபீசில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

போன மாதம் அவள் அனுமதிப் படிவம் நிரப்பும்போது எட்டிப் பார்த்தவரும் இவர்தான்.

"வெளிநாட்டு உறவினர்னு கேட்டிருக்கிற இடத்தைக் காலியா விட்டுடும்மா. நாமளே போய் ஏன் மாட்டிக்கணும்?"

"இருக்கிற அக்காவை இல்லைன்னு எழுதச் சொல்றீங்களா?"

வரி விடாமல் எழுதிக் கொடுத்தாள்.

அந்த அனுமதி கிடைத்தால்தான் ரேடாரை முழுசாகப் பூட்டும் உள்கூடத்துக்குள் கால் வைக்க முடியும். எட்டு வருஷமாக அவள் வரைந்து கொடுக்கும் பாகங்களை மற்றவர்கள்தான் உள்ளே கொண்டுபோய்ப் பொருத்துகிறார்கள். முழு ரேடாரை அவள் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

லெட்டர் விஷயம் காதில் விழுந்த அன்றோடு பக்கத்து மேஜைக்காரரோடு பேச்சு வார்த்தை நின்றது. அவர் வாங்கி வந்து வைக்கும் டீ தினமும் ஆறிப்போனது. மனுஷன் ஒன்றும் புரியாமல் விழித்தார். நடிப்பைப் பாரு என்று பல்லைக் கடித்தாள்.

பத்தாம் நாள் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய படிவம். பக்கத்தில் அந்த லெட்டர்.

"அக்காவோட வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை பேசுவேன்னு எழுதியிருக்கீங்க. புதன்கிழமையும் பேசறதா இதுல இருக்கே?"



"அது... ஞாயித்துக்கிழமை போட்ட சண்டைக்கு சமாதானம் பேசற போன் சார். அதைத் தனியா எழுதணும்னு தோணலை."

அதிகாரி சிரிக்கவில்லை. "உங்க அக்கா வீட்டுக்காரரோட தம்பி அந்த நாட்டு ராணுவத்துல இருக்கார். அதையும் எழுதலை."

"ராணுவத்துலயா? சத்தியமா எனக்குத் தெரியாது சார்!"

"நீங்க படிவம் கொடுத்த பிறகுதான் சேர்ந்திருக்கார்."

எல்லாம் போச்சு என்று நினைத்தாள். எட்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எனக்கே தெரியாத விஷயம் அந்த மனுஷனுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"எந்த மனுஷன்?"

"அதான், என் பக்கத்து மேஜைக்காரர். இந்த லெட்டரை எழுதினவர்."

அதிகாரி லெட்டரின் கடைசிப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார்.

அக்காவின் கையெழுத்து!

கீழே முகவரி, போன் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் இருந்தன. எது கேட்பதானாலும் என்னைக் கேளுங்கள் என்று வேறு எழுதியிருந்தாள்.

"வெளிநாட்டுல சொந்தம் இருக்கிறது தப்பே இல்லை மேடம்," என்றார் அதிகாரி. "அந்தச் சொந்தத்தை வெச்சு யாராவது உங்களை மடக்கிட முடியுமான்னுதான் நாங்க பார்க்கணும். உங்களையும் உங்க வேலையையும் எல்லா விதத்துலயும் விசாரிச்சாச்சு. அக்காவும் எதையும் மறைக்கலை. அனுமதியில கையெழுத்துப் போட்டுட்டேன்."

பக்கத்து மேஜைக்காரர் முகத்தில் இனி எப்படி விழிப்பது? கூசிப்போனாள். ஆனால் அதையும் மீறி நெஞ்சு பெருமையில் விம்மியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா எழுதியிருந்த கடைசி வரிகளைப் படித்தாள்.

'என் பெயரைச் சொல்லி யார் எதைக் கேட்டாலும் என் தங்கை கொடுக்க மாட்டாள். நானே அழுதுகொண்டு கேட்டாலும் கொடுக்க மாட்டாள். அவள் நான் வளர்த்த பெண்.'