ஒரு கட்டமா, இரண்டு கட்டமா?

"மிஸ், தப்பா நினைச்சுக்காதீங்க. மறுபடியும் புரியலை."

கையைத் தூக்கியவர் அதே பெரியவர்தான். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த சியோக் ஹூனுக்கு எரிச்சல் மண்டியது.

தோ பாயோ வட்டாரத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. சனிக்கிழமை காலையில் பெற்றோருக்கு வகுப்பு. நாலாம் வகுப்புக் கணக்கைக் கட்டம் வரைந்து போடுவது எப்படி என்று ஆசிரியை மிஸ் ரொஹாயா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தாளு வீட்ல பேத்திதான் தாத்தாவுக்குப் பாடம் எடுக்கும்போல," என்று காதைக் கடித்தாள் தோழி பீ லெங்.

"மரமண்டை," என்றாள் சியோக் ஹூன்.

பலகையில் இருந்த கணக்கு இதுதான்: மெய் என்ற சிறுமியிடம் இருப்பதைப் போல மூன்று மடங்கு ஸ்டிக்கர் ஹபீஸிடம் இருக்கிறது. அவன் இருபத்து நான்கை அவளுக்குக் கொடுத்தால் இருவருக்கும் சமம். ஹபீஸிடம் முதலில் எத்தனை?

மெய்க்கு ஒரு கட்டம். ஹபீஸுக்கு மூன்று கட்டம்.

சியோக் ஹூன் ஒரு கணக்காய்வாளர். எக்ஸ் என்று வைத்துப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் எழுபத்திரண்டு என்று சொல்லிவிடுவாள். கட்டம் வரைந்தால் மட்டும் முப்பத்தாறு வந்து தொலைத்தது. அழித்து வரைந்தாள். மறுபடியும் முப்பத்தாறு.

வீட்டிலும் இதே கூத்துதான். "எங்க கிளாஸ்ல எக்ஸ் கிடையாதும்மா, கட்டம் போட்டுச் சொல்லு" என்பாள் மகள் யூ டிங். இவள் கத்துவாள். அவள் அழுவாள். கொஞ்ச நாளாகக் கணக்குப் புத்தகத்தை அவள் அம்மா பக்கம் கொண்டு வருவதே இல்லை. மகள் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அதற்காகத்தான் சியோக் ஹூன் வந்திருந்தாள். ஆனால் இத்தனை பேர் நடுவில் ஒரு கணக்காய்வாளர் எழுந்து, நாலாம் வகுப்புக் கணக்கு புரியவில்லை என்று சொல்வதா? மானம் கப்பலேறிவிடும்.

"எந்த இடத்துல புரியலை, சொல்லுங்க," என்றார் மிஸ் ரொஹாயா.

"ஹபீஸ்கிட்ட ரெண்டு கட்டம் அதிகமா இருக்கு. அப்போ அந்த ரெண்டு கட்டம்தானே இருபத்து நாலு?"

சியோக் ஹூனின் பென்சில் நின்றது. அவளும் அப்படித்தான் போட்டிருந்தாள்.

"ரெண்டையும் தூக்கிக் கொடுத்துட்டா மெய்கிட்ட மூணு ஆயிடும், இவன்கிட்ட ஒண்ணுதான் மிஞ்சும். ஒரே ஒரு கட்டம் அந்தப் பக்கம் போனாத்தான் ஆளுக்கு ரெண்டு. அந்த ஒரு கட்டம்தான் இருபத்து நாலு," என்று விளக்கினார் ஆசிரியை.

"கொஞ்சம் நகர்த்திக் காட்டுங்களேன்," என்றார் பெரியவர் விடாமல்.

மிஸ் ரொஹாயா நகர்த்திக் காட்டினார். சியோக் ஹூனுக்குப் பொறி தட்டியது. அடச்சே, இவ்வளவுதானா.

அடுத்த கணக்கிலும் அவருக்குச் சந்தேகம். பின்வரிசை சிரித்தது. சியோக் ஹூனும் சேர்ந்து சிரித்தாள். காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து வெளியே தேநீரும் கறிபாப் பலகாரமும் வைத்திருந்தார்கள். அவளுக்கு மனசு லேசாக இருந்தது. இன்றைக்கே மகளோடு உட்கார்ந்துவிடலாம். மரமண்டைக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொன்னாள். போனால் போகிறதென்று அவரிடமே போய் நின்றாள்.

"கவலைப்படாதீங்க அங்கிள். வீட்ல நாலு கணக்கு போட்டுப் பாருங்க, வந்துடும்."

"சரிம்மா. ரொம்ப சந்தோஷம்."

அதற்குள் மிஸ் ரொஹாயா இரண்டு கைகளாலும் ஒரு கோப்பையை அவரிடம் நீட்டினார்.

"ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில எனக்கு இந்தக் கட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான், சார். பேத்தி கிளாஸுக்குன்னு வந்துட்டு என்னை இப்படியா சோதிக்கிறது? வேர்த்துப் போச்சு."

"சோதனையெல்லாம் இல்லை ரொஹாயா. சந்தேகம் வந்துச்சு, கேட்டேன். நீ நல்லாத்தான் சொன்னே."

ஆசிரியை சிரித்துக்கொண்டே அடுத்தவர்களைக் கவனிக்கப் போனார். சியோக் ஹூன் கையிலிருந்த கறிபாப்பைத் தட்டில் வைத்தாள்.

"யாருக்கு வந்த சந்தேகம், சார்?" என்று கேட்டாள்.

பெரியவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அழிச்சு அழிச்சு உங்க பேப்பரே கிழிஞ்சு போச்சேம்மா. உங்களுக்குக் கேட்க வெட்கமா இருந்துச்சு. இந்த வயசுல எனக்கென்ன வெட்கம்?"