பூனை கேட்ட ‘ஹூ’

ஆங்கில வகுப்பின் ஜன்னலில் உட்கார்ந்து உட்கார்ந்து காகத்தின் பேச்சே மாறிப்போயிருந்தது. எதைப் பற்றிச் சொன்னாலும் நடுவில் ஒரு ‘ஹூ’வோ ‘விச்’சோ போட்டு இரண்டு விவரம் சேர்க்காவிட்டால் அதற்கு மனசு ஆறாது.

அன்று ஜன்னலுக்குக் கீழே அதன் தோழி அணில் பிஸ்கட் தூள் பொறுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் பூனை பதுங்கிப் பதுங்கி வந்தது. காகம் பதறிப்போனது. வெறுமனே கத்தியிருக்கலாம். ஆனால் படித்த வாய் அல்லவா?

“தி கேட், விச் இஸ் பிளாக், விச் ஹேஸ் எ லாங் டெயில்...”

“இன்னிக்கு இதுதான் பாடமாடி?” என்று கேட்டுவிட்டு அணில் மறுபடி குனிந்துகொண்டது. பூனைதான் நின்றுவிட்டது.

“அது என்ன விச்சு?”

“மனுஷங்கன்னா ஹூ. மத்ததுக்கெல்லாம் விச்.”

“எங்க வீட்டுல எனக்குக் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடுறாங்க. எனக்கு விச்சா? மாத்திச் சொல்லு.”

பூனையின் குரல் கேட்டதும் அணில் ஒரே ஓட்டமாக மரத்தில் ஏறிவிட்டது. சண்டை மும்முரத்தில் இரண்டும் அதைக் கவனிக்கவில்லை.

“மீசை இருந்தா மட்டும் ஹூ ஆயிட முடியுமா?”

“பிறந்தநாளுக்கு உன்னையும் கூப்பிடுறேன்.”

காகம் யோசித்தது. “சரி, ஹூ.”

பூனை வந்த வேலையை மறந்து, வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தது. அப்போதுதான் காகத்துக்குத் தன் வாக்கியம் பாதியில் நிற்பது ஞாபகம் வந்தது. உச்சிக்கிளையில் நடுங்கிக்கொண்டிருந்த அணிலை அண்ணாந்து பார்த்து, “இஸ் கமிங்” என்று முடித்துவைத்தது.