ஈரச் சாக்கு

“வெளிய நெருப்பு கொட்டுது. இங்க ஊட்டி மாதிரி கீதே!”

திருத்தணியிலிருந்து மகளை அழைத்துப்போக வந்த பஞ்சாட்சரம், தறிக்குப் பக்கத்தில் விரித்த பாயில் சாய்ந்தார். ஜன்னல்களில் ஈரச் சாக்கு தொங்கியது. தரையில் தண்ணீர் தெளித்திருந்தது. கூரைக்குப் புது ஓலை வேய்ந்திருந்தது.

“எல்லாம் உங்க மாப்பிள்ள வேலைதாங்க, சம்பந்தி,” என்றாள் கோமளவல்லி.

எட்டு மாத வயிற்றோடு கதவோரம் நின்ற பத்மா, கட்டி வைத்திருந்த துணி மூட்டையைக் காலால் முன்னே தள்ளினாள்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

“வேணாம்மா. நம்ம வீடு மலையடிவாரம், ராத்திரிகூட பாறைச்சூடு எறங்காது. இந்தக் குளுமையில படுத்துகினு கீறவள அங்க கூட்டிகினு போயி வேகவைக்கவா? கத்திரி முடியட்டும், வர்றேன். சொன்னா உங்கம்மாவும் நிம்மதியா தூங்குவா.”

பத்மா அவருடைய மலர்ந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

“ஆங், நைனா,” என்றாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் கோமளவல்லி பாயைச் சுருட்டினாள்.

“வெளிய போம்மா, கதவ சாத்தணும். உங்க நைனா வந்தாருன்னு இவ்ளோ நேரம் தொறந்து வெச்சாச்சு. ஈரம் போனா நூலு அறுந்துகினே இருக்கும்.”

பத்மா மூட்டையோடு கொல்லைப்புறத் தகரக் கொட்டாய்க்குப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் படுப்பது அங்கேதான். மூட்டையைத் தலைக்கு வைத்து, கொதிக்கும் தரையில் மெல்லச் சாய்ந்தாள்.

“அதுக்குள்ள படுத்துட்டியா? சாக்கு காயுது பாரு,” என்றது உள்ளிருந்து குரல். “தண்ணி கொண்டா.”