குறுக்கே ஒரு அடுக்கு

மாமியார் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

மருமகளுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வீட்டில் ஒளிந்து செய்வதை இங்கே நாலு பேர் பார்க்கச் செய்கிறாள், அவ்வளவுதான்.

"சுவர் என்னம்மா சொல்லுது?" என்று சிரித்தாள், புது வீட்டைக் காட்ட வந்திருந்த இன்ஜினியர் பெண்.

"வாயைத் திறக்க மாட்டேங்குது." மாமியார் விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டினாள். "நிஜமாவே மரம்தானா? அத்தனை மாடியும்?"

"அஸ்திவாரமும் லிஃப்ட் ஓடுற இடமும்தான் கான்கிரீட். மத்ததெல்லாம் மரம். போன வருஷம் வாங்க ஆள் தேடி நாங்க அலைஞ்சோம். இப்ப எங்களுக்கும் மரத்துலயே கட்டிக் கொடுங்கன்னு வரிசையில நிக்கறாங்க."

"இவ்வளவு அகலத்துக்கு எந்தக் காட்டுல மரம் இருக்கு?"

"ஒரே மரம் இல்லம்மா. சின்னச் சின்னப் பலகைங்க. பசை போட்டு, மெஷின்ல அழுத்தி ஒட்டறது. ஒரு அடுக்கு நெடுக்க, அடுத்த அடுக்கு குறுக்க. குறுக்க போகுதே, அதுதான் முக்கியம். அது இல்லேன்னா ஒரு மழைக்காலம் தாங்காது. முறுக்கிக்கிட்டு விரிசல் விட்டுடும்."

"அப்போ, குறுக்க ஒண்ணு இருந்தாத்தான் குடும்பம் நிக்கும்னு சொல்றே."

"கட்டடம்மா."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

மருமகள் பல்லைக் கடித்தாள். குறுக்கே வருவதற்கென்றே பிறந்தவள் இந்த அத்தை. இப்போது இருக்கும் வாடகை வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவே வெறும் ப்ளைவுட் தடுப்பு. புருஷன் பெண்டாட்டி பேச்சு கொஞ்சம் சூடானால் போதும், அந்தப் பக்கம் டம்ளர் விழும். "டேய், தண்ணி கொட்டிடுச்சுடா" என்று குரல் வரும். அவன் எழுந்து போவான். துடைத்து, அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டு வந்து படுத்தால் குறட்டை. கல்யாணமான நாளிலிருந்து இதே கதை.

"தீப்பிடிச்சா என்ன பண்றது?" மாமியார் விடுவதாக இல்லை.

"மேலாக் கருகும்மா. அந்தக் கரியே உள்ள நெருப்பைச் சீக்கிரம் போகவிடாது."

"தன் மூஞ்சில கரியைப் பூசிக்கிட்டு உள்ளே இருக்கறதைக் காப்பாத்துதாக்கும். நல்ல மரம்தான்."

இன்ஜினியர் விஷயத்துக்கு வந்தாள். "ரெண்டு பெட்ரூமுக்கும் நடுவுல இருக்கே இந்தச் சுவர், இதை இப்படியே வெறும் மரமா விடலாம். பார்க்க அழகா இருக்கும். ஆனா சத்தம் கொஞ்சம் தாண்டும். இல்லேன்னா பஞ்சு மாதிரி ஒண்ணு அடைச்சு மேல போர்டு அடிச்சுடலாம். பக்கத்து ரூம்ல ட்ரம் வாசிச்சாக்கூட கேக்காது."

"அடைச்சுடுங்க" என்றாள் மருமகள்.

"வெறும் மரமாவே விடும்மா" என்றாள் மாமியார், அதே நொடியில்.

ஜன்னல் ஓரம் போனில் இருந்த புருஷன் திரும்பினான். "வீடு பார்க்க வந்த இடத்துலயுமா?"

"என் ரூம்ல எனக்குக் கொஞ்சம் நிம்மதி வேணும். வேற எதுவும் கேக்கலை" என்றாள் மருமகள்.

"என்ன நிம்மதி கெட்டுப் போச்சு உனக்கு?" அவன் முகம் சிவந்தது. ஒரு எட்டு முன்னால் வந்தான். குரல் ஏறியது. "அப்படி என்னடி நான் உன்னை..."

டங்!

மாமியார் கையிலிருந்த எவர்சில்வர் பாட்டில் தரையில் உருண்டது. "கை தவறிடுச்சுடா. மூடி எங்கயோ ஓடிடுச்சு, பாரேன்."

அவன் மண்டியிட்டுத் தேடினான். மூடியோடு நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "கார் எங்க நிறுத்தறது? அதைக் காட்டுங்க."

"வாங்க சார். மேடம், எந்த மாதிரிச் சுவர்னு முடிவு பண்ணி வைங்க. இன்னிக்கே ஃபேக்டரிக்குச் சொல்லணும்." இன்ஜினியர் அவனை அழைத்துக்கொண்டு போனாள்.

மருமகள் இனியும் அடக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "அத்தை, நாங்க ரூமுக்குள்ள பேசறது உங்க காதுல எதுக்கு விழணும்?"

மாமியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாட்டிலைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விழுதான்னே இன்னும் தெரியலையே. நீ அந்த ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கோ. நான் இங்கேருந்து பேசறேன். கேட்டா ரெண்டு தட்டு தட்டு."

இதற்கு ஒரு சோதனை வேறா! எரிச்சலோடு போய்க் கதவைச் சாத்தினாள். அறை முழுக்கப் புது மர வாசனை. சுவர் சும்மா இருந்தது. மருமகள் இன்னும் கொஞ்சம் நெருங்கினாள். தன்னையறியாமல் அவளும் காதை வைத்தாள்.

குரல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது.

"இவன் அப்பாவுக்கும் இதே குரல்தாம்மா. குரலுக்குப் பின்னாலயே கையும் வரும். அப்ப எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லே."

மருமகள் காதை இன்னும் அழுத்தி வைத்தாள். குரல் தொடர்ந்தது:

"இவன் குரல் ஏறினா எனக்குக் கேக்கணும். கேட்டாத்தானே டம்ளரைக் கீழே போட முடியும்?"

மருமகள் சுவரை இரண்டு முறை தட்டினாள்.